போட்டோ வேலைக்குக் கொம்பியூட்டர் எடுக்கப் போகிறவர்களுக்கு: காசை எதில் முதலில் போடுவது?

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இப்போது கமராவோடு தொழிலுக்கு இறங்கியிருக்கிற இளம் ஆட்கள் நிறைய. கல்யாண வீடு, நிக்காஹ், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வேலையும் கிடைக்கிறது. கமராவுக்கு அடுத்து வருகிற பெரிய செலவு கொம்பியூட்டர். பலருடைய காசு அங்கேதான் வேண்டாத இடத்துக்குப் போகிறது. கடையில் போய் "போட்டோ எடிட்டிங்குக்கு" என்று கேட்டால், உள்ளே கலர் கலராக லைட் எரிகிற கேமிங் பெட்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். "தம்பி, இது எதையும் இழுக்கும்" என்பார்கள். இழுக்கும்தான். ஆனால் அதோடு சேர்த்துத் தருகிற மலிவு மொனிட்டரில் கூறைச்சேலையின் சிவப்பு ஒழுங்காகத் தெரியாது. படங்களை இரண்டாவது இடத்தில் வைக்க ஒரு டிஸ்க்கும் அந்த விலைக்குள் இருக்காது.

போட்டோ வேலைக்கு முதல் காசு திரைக்குப் போக வேண்டும். அடுத்தது, படங்களை வைத்துக் காப்பாற்றுகிற டிஸ்க்குகளுக்கு. அதற்குப் பிறகு ராம் (திறந்த படங்களைத் தற்காலிகமாக வைக்கிற நினைவகம்), புரொசசர். கிராபிக்ஸ் கார்ட் கடைசி. மெதுவான மெசின் உங்கள் நேரத்தை மட்டும்தான் எடுக்கும். பிழையாகக் காட்டுகிற திரை வேலையையே கெடுத்துவிடும். டிஸ்க் செத்துப் போனால் ஒரு குடும்பத்தின் கல்யாணப் படம் திரும்பி வராது. கீழே உள்ள படிகளை இந்த ஒழுங்கை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதல் படி: உங்கள் வேலையை அளந்து பாருங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். கமரா எத்தனை மெகாபிக்சல்? ரோ பைலாக (கமரா பதப்படுத்தாமல் தருகிற மூலப் பைல்) எடுக்கிறீர்களா, ஜேபெக்கா (சுருக்கிய சாதாரணப் படம்)? படம் கடைசியில் எங்கே போகிறது: வட்ஸ்அப்புக்கா, அல்பத்துக்கா, சுவரில் மாட்டுகிற பெரிய பிரிண்ட்டுக்கா?

24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ பைல் ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி வரும். ஒரு கல்யாணத்தில் 2000 படம் எடுத்தால் 50, 60 ஜிபி. வருசத்துக்கு இருபது கல்யாணம் செய்தால் ஒரு டெராபைட்டைத் தாண்டும். ஜேபெக் மட்டும் எடுப்பவருக்கு இதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் வரும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் எந்த அளவு டிஸ்க் வேண்டும் என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். லைட்ரூம், போட்டோஷொப் இரண்டுக்கும் மாதாமாதம் கட்டணம் உண்டு. தொடங்குகிற காலத்தில் அந்தச் சுமை வேண்டாம் என்றால் டார்க்டேபிள், ரோதெரப்பி, கிம்ப் மூன்றும் இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். டார்க்டேபிள் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். பழகியவர்கள் அதை விட்டு இலேசில் போவதில்லை.

லப்டொப்பா, மேசைக் கொம்பியூட்டரா? கல்யாண மண்டபத்திலேயே படம் தெரிவு செய்து அன்று இரவே கொடுக்க வேண்டிய வேலை இருந்தால் லப்டொப். வீட்டில் அல்லது ஸ்டூடியோவில் இருந்து செய்கிற வேலை என்றால் மேசைக் கொம்பியூட்டரை எடுக்கச் சொல்வேன். ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ராம் போதவில்லையென்றால் அடுத்த வருசம் கூட்டலாம். எங்கள் ஊர் வெக்கைக்கும் அதுதான் தாங்கும்.

இரண்டாம் படி: திரை

கூறைச்சேலை கட்டிய மணப்பெண்ணின் படத்தை மலிவான லப்டொப் திரையில் திறந்து பாருங்கள். அந்த ஆழ்ந்த சிவப்பு கொஞ்சம் செங்கல் நிறமாக, வெளிறித் தெரியும். எடிட் செய்பவர் "கலர் காணாது" என்று நினைத்து சற்றுரேசனை, அதாவது நிற அடர்த்தியை, ஏற்றுவார். திரையில் இப்போது சரியாகத் தெரிகிறது. அதே பைல் அச்சாகி வரும்போது சேலையின் மடிப்புகள் எல்லாம் ஒன்றாக அப்பிப்போய், ஒரே சிவப்புத் திட்டாக நிற்கும். மணப்பெண்ணின் முகமும் செம்மஞ்சளாகிவிடும். லப்டொப்பின் புரொசசர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

விபரத்தாளில் பார்க்க வேண்டியது இரண்டு சொல்: ஐபிஎஸ் (திரையின் வகை), எஸ்ஆர்ஜிபி (நிற அளவுகோல்). ஐபிஎஸ் என்றால் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் அது மட்டும் போதாது. விலை குறைந்த பல லப்டொப்களில் ஐபிஎஸ் என்று போட்டிருக்கும், கீழே சின்ன எழுத்தில் "45 வீதம் என்டிஎஸ்சி" என்றும் இருக்கும் (என்டிஎஸ்சி என்பது பழைய தொலைக்காட்சி நிற அளவுகோல்). அந்தத் திரை எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட முழுதாகக் காட்டாது. உங்களுக்கு வேண்டியது "100 வீதம் எஸ்ஆர்ஜிபி" அல்லது "72 வீதம் என்டிஎஸ்சி" என்று இருப்பது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எஸ்ஆர்ஜிபி என்பது 1996இல் எச்பியும் மைக்ரோசொப்ட்டும் சேர்ந்து வகுத்த நிற அளவுகோல். இன்றைக்கும் இணையமும் பெரும்பாலான பிரிண்ட் லாப்களும் அதையே எதிர்பார்க்கின்றன. ஆகவே அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி நிறங்களை முழுதும் காட்டுகிற விலை உயர்ந்த மொனிட்டர் தொடக்கத்தில் தேவையில்லை. ஓலெட் திரையுள்ள லப்டொப் எடுத்தால் அதை எஸ்ஆர்ஜிபி நிலையில் வைத்து வேலை செய்யுங்கள். இல்லாவிட்டால் அச்சில் வர முடியாத பளபளப்பைத் திரையில் பார்த்துப் பழகிவிடுவீர்கள்.

அளவு: 24 அங்குலத்துக்கு 1920க்கு 1080 புள்ளிகள் போதும், 27 அங்குலம் என்றால் 2560க்கு 1440 எடுங்கள். 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பது விளையாடுகிறவர்களுக்கு. அசையாத படத்துக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். வளைந்த மொனிட்டரையும் விட்டுவிடுங்கள்; நேர்கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அதில் சிரமம்.

கடையில் பரிசோதிக்க உங்கள் சொந்தப் படங்களை ஒரு பென் டிரைவில் கொண்டு போங்கள். கூறைச்சேலை ஒன்று, வெயிலில் வெள்ளை வேட்டி அல்லது வெள்ளைச் சாரம் உள்ள படம் ஒன்று, வெவ்வேறு தோல் நிறமுள்ள ஆட்கள் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று, இரவுப் படம் ஒன்று. வேட்டியின் மடிப்பு தெரிகிறதா? இருட்டில் கறுப்புத் தலைமுடியும் கறுப்புப் பின்னணியும் பிரிந்து தெரிகின்றனவா? தலையை இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். முடிந்தால் அந்தப் படங்களில் ஒன்றை, நீங்கள் வழமையாகப் போகிற லாப்பில் முன்கூட்டியே அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

வாங்கிய பிறகு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். புது மொனிட்டர் கடையில் கண்ணைக் கவர்வதற்காக மிகையான வெளிச்சத்தோடுதான் வரும். அதில் எடிட் செய்தால் அச்சில் எல்லாப் படமும் இருண்டு வரும். அச்சு வேலைக்குச் சதுர மீற்றருக்கு 100 முதல் 120 கண்டெலா வரை பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அளக்கிற கருவி இல்லையென்றால், திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு ஏ4 தாளைப் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும்வரை குறையுங்கள். நிறத்தை அளந்து சரிசெய்கிற கலிபிரேட்டர் கருவியைத் தனியாக வாங்குவது பாரமென்றால் நாலு ஐந்து பேர் சேர்ந்து ஒன்று எடுக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை அது.

மேசையை எங்கே போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஜன்னலுக்கு முன்னால் திரையை வைத்தால் பத்து மணி வெயிலில் நிழல் பகுதி ஒன்றும் தெரியாது. கடும் பச்சை, ரோஸ் நிறம் அடித்த சுவர்களும் கண்ணை ஏமாற்றும். திரைக்குப் பின்னால் உள்ள சுவரை மட்டுமாவது வெளிர் சாம்பல் அல்லது வெள்ளை ஆக்குங்கள்.

மூன்றாம் படி: படங்கள் இருக்கிற இடம்

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி, கல்லடி, மருதமுனை, கல்முனை என்று இந்தக் கரை முழுதும் வீடுகளோடு சேர்ந்து அல்பங்களும் போயின. இறந்துபோன பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லாத தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். 1978 நவம்பர் சூறாவளி, 2011 ஜனவரி வெள்ளம் என்று அதற்கு முன்னும் பின்னும் பார்த்த ஊர் இது. இங்கே பக்அப் என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைக்காதீர்கள். கொம்பியூட்டரின் விலைக்குள்ளேயே அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உள்ளே இரண்டு டிஸ்க். விண்டோஸும் மென்பொருளும் இப்போது செய்துகொண்டிருக்கிற வேலையும் ஒரு எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்). 1 டெராபைட் நல்லது, 500 ஜிபியோடும் தொடங்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100 முதல் 200 எம்பி வாசிக்கும். பழைய இணைப்பு வகையான சாட்டா எஸ்எஸ்டி 550 வரை, புது வகையான என்விஎம்இ எஸ்எஸ்டி சாதாரணமாகவே 3000க்கு மேல். 2000 படத்தை ஒவ்வொன்றாகத் தட்டித் தெரிவு செய்யும்போது ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் உள்ள வித்தியாசம் கையிலேயே தெரியும். சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் இடையில் அவ்வளவு தெரியாது. ஆகவே ஆக உயர்ந்த வேகமுள்ளதைத் தேட வேண்டாம். முடிந்த வேலைகளுக்கு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று.

வெளியே இரண்டு. ஒன்று வீட்டில், வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் பிரதி எடுக்க. மற்றது வேறு ஊரில். கல்லடியில், காத்தான்குடியில் கடலோரமாக இருப்பவர் செங்கலடியிலோ கொழும்பிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வைப்பதென்றால் மாரியில் வெள்ளம் ஏறாத மேட்டு வீடாகப் பாருங்கள். இரண்டையும் மாதம் ஒருமுறை கைமாற்றினால் போதும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்று உலகம் முழுதும் சொல்லப்படும் முறை இதுதான். வெளியூருக்குப் போகிற டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். நீண்ட காலம் கரண்ட் படாமல் அலுமாரியில் கிடப்பதற்கு எஸ்எஸ்டியை நம்ப வேண்டாம். அதற்கு ஹார்ட் டிஸ்க்தான்.

இணையத்தில் ஏற்றி வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏற்றும் வேகம் செக்கனுக்கு 10 மெகாபிட் என்றால் 60 ஜிபி ஏற 13 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். முடித்த ஜேபெக் படங்கள் 8 ஜிபி என்றால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். முடித்தவற்றை இணையத்திலும் ரோ பைல்களை டிஸ்க்கிலும் வைப்பது நடைமுறைக்கு ஒத்து வரும்.

கார்ட் ரீடரையும் மறந்துவிடாதீர்கள். பழைய யூஎஸ்பி 2 ரீடரில் 64 ஜிபி கார்ட் இறங்க அரை மணித்தியாலம் எடுக்கும். யூஎஸ்பி 3 ரீடரில், நல்ல கார்டாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிசம். சின்னக் காசுக்குக் கிடைக்கிற பெரிய வேகம் இது.

நான்காம் படி: ராம்

24 மெகாபிக்சல் படம் ஒன்றில் 2.4 கோடி புள்ளிகள். 16 பிட் நிற ஆழத்தில் திறந்தால் ஒரு புள்ளிக்கு 6 பைட் என்று ஒரு படத்துக்கே 144 எம்பி ராம் போகும். டிஸ்க்கில் 10 எம்பியாக இருந்த ஜேபெக்கும் திறந்தவுடன் 8 பிட்டிலேயே 72 எம்பியாக விரியும். அல்ப வேலை இன்னும் பெரிது. 12க்கு 36 அங்குல விரிப்பு ஒன்றை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) போட்டால் 3600க்கு 10800, அதாவது ஏறக்குறைய 3.9 கோடி புள்ளிகள். 8 பிட்டிலேயே முழு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற பட அடுக்கு) ஒன்றுக்கு 117 எம்பி. பின்னணி, ஆறேழு படம், நிழல், எழுத்து என்று லேயர்கள் ஏற ஏற 8 ஜிபி ராம் மூச்சு விடாது.

தெரிவு செய்து நிறம் திருத்துகிற வேலைக்கு 16 ஜிபி. அல்பம் வடிவமைப்பவருக்கு 32. காசு போதவில்லையென்றால் இப்போது 16 போட்டு, மேலும் இரண்டு இடம் காலியாக இருக்கிற மதர்போர்ட்டாக எடுங்கள். ஒரே 16ஐப் போடுவதைவிட இரண்டு 8 போடுவது வேகத்துக்கு நல்லது. லப்டொப் என்றால் ராம் கழற்றிப் போடக் கூடியதா, போர்ட்டிலேயே ஒட்டியதா என்று கட்டாயம் கேளுங்கள். ஒட்டியதாக இருந்தால் வாங்குகிற அன்றே 16 இருக்க வேண்டும். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ராமின் தலைமுறைகள்; டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது. பிறகு கூட்டும்போது இது நினைவிருக்கட்டும்.

ஐந்தாம் படி: புரொசசரும் கிராபிக்ஸும்

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. ஆறு கோர் உள்ள இன்டெல் கோர் ஐ5 அல்லது ரைசன் 5 போதும். அதற்கு மேலே கொடுக்கிற காசு, படங்களை மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யும்போது சில நிமிசத்தை மிச்சம் பிடிக்கும், அவ்வளவுதான். இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்ட் இல்லாமல் திரையே வராது. ரைசனில் 5600ஜியில் கிராபிக்ஸ் உண்டு, 5600இல் இல்லை. விலை குறைந்த பெட்டியை எடுக்கும்போது இந்த ஒரு எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனிக் கிராபிக்ஸ் கார்ட் யாருக்கு வேண்டும்? வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, தீமிதிப்பு என்று இரவில் விளக்கு வெளிச்சத்தில் உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுப்பவர்களுக்கு. 2023இல் லைட்ரூமில் வந்த செயற்கை நுண்ணறிவு டினோய்ஸ் (படத்தில் விழுகிற புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குகிற வசதி) அந்தப் படங்களை உண்மையிலேயே காப்பாற்றுகிறது. அந்த வேலை முழுதும் கிராபிக்ஸ் கார்டில்தான் ஓடும். நல்ல கார்டில் ஒரு படத்துக்குச் சில செக்கன். உள்ளமைந்த கிராபிக்ஸில் நிமிசக் கணக்கு. இப்படியான படங்கள் நூற்றுக்கணக்கில் வருமென்றால் 8 ஜிபி விராம் (கார்டின் சொந்த நினைவகம்) உள்ள கார்ட் ஒன்று எடுங்கள். பகல் கல்யாணம், பாசிக்குடாவில் ஜோடிப் படம், பொத்துவிலில் அலைச்சறுக்கு என்று எடுப்பவர்கள் அந்தக் காசைத் திரையில் போடுங்கள்.

பாவித்த மெசின் எடுப்பவர்களுக்கு

கொழும்பு அலுவலகங்களில் கழிக்கப்பட்ட பெட்டிகள் மலிவாக வருகின்றன, தொடங்குகிறவருக்கு மோசமில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் முறைப்படி ஏறும். ஐ5 8500 என்றால் எட்டாவது, ஐ5 10400 என்றால் பத்தாவது. ஐ5 6500 என்றால் விட்டுவிடுங்கள், அல்லது லினக்ஸும் டார்க்டேபிளும் போட ஆயத்தமாக எடுங்கள். அதோடு வருகிற பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு படமும் வைக்காதீர்கள். மொனிட்டரையும் டிஸ்க்கையும் புதிதாகவே வாங்குங்கள்.

கரண்ட், மின்னல், உப்புக் காற்று

எங்கள் ஊருக்கென்று உள்ள செலவுகள் இவை. யூபிஎஸ் ஒன்று கட்டாயம். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டிக்கு 650 விஏ போதும். அது கரண்ட் போனால் வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கு. தொடர்ந்து வேலை செய்ய அல்ல. லேசர் பிரிண்டரை அதில் கொடுக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி மின்னல் தொடங்கினால் சுவிட்சை நிறுத்துவது போதாது. பிளக்கையே கழற்றுங்கள். செப்புக் கம்பியில் வருகிற டெலிபோன் இணைப்பு இருந்தால் ரவுட்டரின் கம்பியையும் கழற்றுங்கள். வயரிங் செய்தவரைக் கூப்பிட்டு எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கேசோடு இலவசமாக வருவதைக் கழற்றி வைத்துவிட்டு, 80 பிளஸ் முத்திரை உள்ள 450 அல்லது 550 வாட் ஒன்று போடுங்கள்.

கடலில் இருந்து சில நூறு மீற்றருக்குள் வீடு என்றால் உப்புக் காற்று மதர்போர்ட்டில் பச்சையாகப் பூத்துவிடும். கேசைக் கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். தரையில் இருந்து உயர்த்தி வையுங்கள். வேலை இல்லாத மாதத்திலும் வாரத்துக்கு இரண்டு நாள் போட்டு ஓடவிடுங்கள். சூட்டில் ஈரம் போகும். பல வொரண்டி அட்டைகளில் துருவும் எரிந்த அடையாளமும் விலக்கப்பட்டிருக்கும். காசு கொடுக்குமுன் அந்த வரியை வாசியுங்கள்.

வாங்குகிற நாள்

என் கணக்கில், கையில் உள்ள நூறு ரூபாவில் இருபத்தைந்து முப்பது திரைக்கு, இருபத்தைந்து உள்ளும் புறமுமாக எல்லா டிஸ்க்குகளுக்கும், பத்து யூபிஎஸ்ஸுக்கும் பவர் சப்ளைக்கும். மிச்சத்துக்குள் புரொசசர், மதர்போர்ட், ராம், கேஸ் அடங்க வேண்டும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் வேண்டுமென்றால் அதை இந்த நூறுக்கு வெளியே சேருங்கள்.

கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த கொழும்பு யூனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் ஒரு பாகம் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய் வர ஒரு இரவும் ஒரு பகலும் போகும். கல்யாண மாதத்தில் அது பெரிய நட்டம். அதனால் மொனிட்டரையும் பவர் சப்ளையையும் டிஸ்க்குகளையும் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ, வொரண்டிக்கு முகம் கொடுக்கிற கடையில், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கச் சொல்வேன். புரொசசரும் ராமும் பழுதாவது அரிது. அவற்றைக் கொழும்பில் எடுத்தாலும் பரவாயில்லை. பாகங்களின் தொடர் இலக்கம் ரசீதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கொண்டு வந்த முதல் வாரத்திலேயே மெசினைக் கடுமையாக ஓட்டிப் பாருங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்புப் படங்களைத் திரையில் நிரப்பி, செத்த புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்கிற மென்பொருளில் ஒவ்வொரு டிஸ்க்கின் நிலையையும் பாருங்கள். பழைய கல்யாணம் ஒன்றை முழுதாக இறக்கி, ஐந்நூறு படத்தை ஒரே தடவையில் எக்ஸ்போர்ட்டுக்குப் போடுங்கள், அதுவும் மத்தியான வெக்கையில். இடையில் நின்றால், தானாக ரீஸ்டார்ட் ஆனால், மாற்றித் தருகிற நாட்கள் முடியுமுன் ரசீதோடு கடைக்குக் கொண்டு போங்கள்.